எண் தகட்டின் மேல் சந்தனம்

எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்தில் ஓர் எண் தகடு இருக்கும். எங்கள் ஐஸ் தொழிற்சாலைக்கு வந்த டீசல் ஜெனரேட்டரில் அந்த எண்ணே தெரியவில்லை. தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். பார்க்க நெற்றி மாதிரி இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய்ப் பொட்டு வைத்திருந்தார், எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேண்டிய, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஊழியர்.

ஸ்கூடாய் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் காற்று மாசு அனுமதி வேலையெல்லாம் அன்றும் இன்றும் என் தலையில்தான். என்ன எஞ்சின், எவ்வளவு டீசல் குடிக்கும், புகைபோக்கி என்ன உயரம் என்று எழுதி அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக அதிகாரி பார்வையிட வந்த நாள் அது. அவர் சரி என்று சொல்லாமல் எஞ்சினை ஓட்டக்கூடாது. இடிமழையில் மின்சாரம் போனால் ஐஸ் முழுக்கத் தண்ணீர். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. விண்ணப்பத்தில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று குனிந்து பார்த்தார். நான் அவசரமாகத் துணியை எடுத்தேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

“பொட்ட அழிக்காதீங்க தங்கச்சி. வேணாம் லா.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இன்று விட்டால் அதிகாரி மறுபடி எப்போது வருவாரோ. ஆனால் தகட்டை மறைத்த அவர் கையைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு மெஷின் அதில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டிருந்தது. அன்று பொட்டு வைக்காமல் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்தக் கையிடம் நான் என்ன வாதாடுவது?

அதிகாரியிடம் விஷயத்தை மலாயில் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. “அவரே செய்யட்டும், நான் காத்திருக்கிறேன்” என்று மலாயிலேயே சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அண்ணன் எஞ்சினைத் தட்டிக்கொடுத்து, “கோச்சுக்காத” என்றார். தகட்டுக்குப் பக்கத்தில் முதலில் புதுப் பொட்டு வைத்தார். அதற்குப் பிறகே பழையதைத் துடைத்தார். எண் சரியாக இருந்தது. அனுமதிக் கடிதம் வந்ததும் அதன் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்தார். “அரசாங்கக் கடிதம்ணே” என்றேன். “அதான் வைக்கிறேன்” என்றார்.

அண்ணன் ஓய்வுபெற்று ஆயர் ஈத்தாமில் மகள் வீட்டில் சுகமாக இருக்கிறார். பழைய எஞ்சினுக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கப்போகிறோம் என்று இன்று காலை போன் செய்து சொன்னேன். விண்ணப்பம் இப்போதெல்லாம் ஆன்லைனில்தான் என்றதும் பதறிவிட்டார்.

“அலமாக்! அப்ப பொட்டு எங்க வைப்பீங்க?”

நன்றாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். மனசு நிறைந்திருந்தது. பிறகு எஞ்சின் அறைக்குப் போனேன். பளிச்சென்ற தகடு, பக்கத்தில் அவர் வைத்த இடத்திலேயே பொட்டு. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த இடத்தை மாற்றவில்லை. அங்கிருந்த சந்தனக் கிண்ணத்தை மேசைக்கு எடுத்து வந்தேன். கணினித் திரையில் இருந்த விண்ணப்பத்தில், விற்பவர்கள் தந்த புது எஞ்சினின் எண் தெரிந்தது. அதை மறைக்காமல், ஓரச் சட்டத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகே விண்ணப்பத்தை அனுப்பினேன்.