உப்பு ஊறிய கட்டை

அத்திப்பட்டு உப்பளத்து வேலையை விட்டுவிட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். பாதமெல்லாம் உப்பு வெடிப்பு. போய்ச் சேர இடமென்று ஒன்றும் இல்லை. எண்ணூர் தாண்டியதும், ஒரு கிழவி தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு நீளமான கட்டையொன்றை ஈர மணலில் இழுத்துப் போனாள். பின்னாலிருந்து இரண்டு சிறு பெண்கள் தள்ளினார்கள்.

“இன்னா ஆயா, எங்க இழுத்துகினு போற?”

“வெறகுத் தொட்டிக்கு. கேக்கறதோட நிறுத்தாத நைனா, ஒரு கை புடி.”

பிடித்தேன். கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். அது அவள் மகனுடைய கட்டுமரத்தின் ஓரக் கட்டை. காற்றில் மகன் கடலில் விழுந்துவிட, மரம் மட்டும் கரை ஒதுங்கியது. பின்னால் தள்ளுவது அவன் பெண்கள்; அவர்களின் தாய், சின்னவள் பிறந்தபோதே இறந்துவிட்டாள். ஆளை விழுங்கிய மரத்தில் வெளியாள் ஒருவன் முதலில் ஏறாமல் அவர்கள் குப்பத்தில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். மரம் கடலுக்குப் போனால் பிடிக்கிற மீனில் மரத்துக்கென்று ஒரு பங்கு வீட்டுக்கு வரும். எந்த வெளியாளும் வரவில்லை. அதனால் மரத்தைப் பிரித்துவிட்டாள். கட்டைகள் விலை போகாவிட்டால் பெரியவளை ராயபுரத்திலும் சின்னவளை மாத்தூரிலும் வீட்டு வேலைக்கு விடவேண்டும். இதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தவில்லை. பெண்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

விறகு விற்கும் தொட்டிக்காரர் கட்டையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இன்னா ஆயா, கடலையே இழுத்துகினு வந்துட்டியா? உப்பு ஊறிக் கீது. அடுப்புல வச்சா பொகதான் வரும்.”

“சோறு ஆக்க வாணாம். பொணம் எரிக்க ஆவாதா?”

“பொணமே இருமிகினு எழுந்து ஓடும். எட்த்துகினு போ.”

பெரியவள் கயிற்றை அவிழ்த்துக் கட்டையின் மறுமுனையில் கட்டினாள். திரும்பிப் போவதற்கு. நான் தெற்கே போய்க்கொண்டிருந்தவன். ஆனாலும் கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும், “நானும் வெளியாள்தானே ஆயா?” என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். “நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“துடுப்பு புட்ச்சிருக்கியா?”

“உப்பு வார்ற பலகை புட்ச்சிருக்கேன்.”

சின்னவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு கிழவியும். “அப்ப ஒன்ன மரத்தோட சேத்துக் கட்டிதான் அனுப்பணும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். இப்போது நான்தான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

குப்பத்தில், மகனோடு கடலுக்குப் போய்வந்த கூட்டாளி அன்று மாலையே கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். “நீ ஏறு மாமு, அடுத்த கால் என்துதான். எத்தினி நாளா காத்துகினு கீறேன்” என்றார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் விடியலில் அந்த மரத்தில் ஏறினேன். இடுப்பில் கயிறு. நடுவில் உட்கார்ந்து துடுப்புப் போடுவது என் வேலை. அலை தாண்டும் முன்பே வாந்தி எடுத்தேன். கூட்டாளி வலை வீசியதையெல்லாம் நான் சரியாகப் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் மரத்துப் பங்கை ஆயா கூடையில் வாங்கிக்கொண்டாள். எனக்கும் ஒரு பங்கு காரப்பொடி மீன் கொடுத்தார்கள். சின்னவள் அதை என் கையிலிருந்து வாங்கி, கேட்காமல் ஆயா கூடையிலேயே கொட்டினாள்.

“இங்கதானே துன்னப் போற?” என்றாள்.