ஐம்பது அடி மேடை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையோர எடைமேடையில் கனகலட்சுமி பதினெட்டு வருடமாக லாரிகளுக்கு எடை போடுகிறார். மேடையின் நீளம் ஐம்பது அடி. அதைப் போட்ட காலத்தில் அதைவிட நீளமான வண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை.

அன்று மத்தியானம் ஜெபக்குமார் ஓட்டி வந்த டிரெய்லரில் நாற்பதடி கண்டெய்னர். உள்ளே மில் நூல். பின்சக்கரங்கள் மேடைக்குள் வந்தபோது முன்சக்கரங்கள் வெளியே தாரில் நின்றன. தூத்துக்குடியில் மாலை ஆறு மணிக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போக வேண்டும். எடைச்சீட்டு இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். முன்பு வாரம் மூன்று சின்னக் கப்பல்கள் வந்தன. இப்போது ஒரே பெரிய கப்பல். விட்டால் ஏழு நாள் கிடக்க வேண்டும்.

"முன்னால பாதி, பின்னால பாதின்னு ரெண்டு தடவ போட்டுக் கூட்டிருங்கக்கா. விட்டுட்டா மில்லுல பொறவு என்னயக் கூப்பிட மாட்டாவ."

கனகலட்சுமி ஓரமாக நின்ற செங்கல் லாரியை மேடையில் ஏற்றச் சொன்னார். முழுதாக நின்றபோது பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. பாதி பாதியாகப் போட்டுக் கூட்டியபோது முந்நூற்று எழுபது கிலோ அதிகம்.

"அம்மாம்பெரிய கப்பல் முந்நூறு கிலோவுக்கா முங்கிரும்?" என்றான் அவன்.

"உன் பெட்டி ஒண்ணுதான் ஏறுதாலே? அம்புட்டுப் பெட்டியும் இப்படிப் பொய் சொன்னா?"

டேப்பை எடுத்து, இழுக்கும் முன்வண்டியை விட்டுவிட்டு டிரெய்லரை மட்டும் அளந்தார். நாற்பத்தோரு அடி.

"முன்வண்டியக் கழட்டு."

"சரக்கோடயா? வெளயாடுதியளா?"

மேடையில் பலகைகளை வைத்து, எடை காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கினார். வண்டியை மேடையேற்றி, பலகைகள் மேல் டிரெய்லரின் இரும்புக் கால்களை இறக்கி, பிரேக் காற்றுக்குழாயைப் பிடுங்கி, ஜெபக்குமார் முன்வண்டியை மட்டும் வெளியே ஓட்டினான். அரை மணி நேரம் போயிற்று. எண் அசையாமல் நின்ற பிறகு, டிரெய்லரில் எழுதியிருந்த அதன் காலி எடையைக் கழித்தார். இருபத்தாறாயிரத்து நூற்று எண்பது கிலோ. கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்கு போன் வந்தது. "உள்ள வந்துட்டேன்க்கா!"

மறுநாள் ஜெபக்குமார், துறைமுகத்தில் வேலை பார்க்கும் தன் மச்சான் எடுத்த வீடியோவை அனுப்பினான். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கியது. கனகலட்சுமி வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பெட்டியின் எண்ணைப் படித்தார். அதே பெட்டி. கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கி, இறங்கிக்கொண்டே போய், தீப்பெட்டி அளவானது. பிறகு வீடியோ மேலே திரும்பியது. பெட்டிமேல் பெட்டி, திரைக்குள் கப்பல் அடங்கவில்லை.

"கனமானது அடியில, லேசானது மேல. நம்ம சீட்டப் பாத்துத்தான் அடுக்குதாவளாம்" என்றான் போனில்.

ஒரு வரிசையை மட்டும் விரலை வைத்து எண்ணினார். ஒன்பது. பக்கத்தில் எத்தனை வரிசை என்று எண்ண முடியவில்லை.

"இம்புட்டுக்கும் யாரோ ஒருத்தர் உக்காந்து எடை போட்டிருக்காவல்லா" என்றார்.

வெளியே அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை.