முதுகில் விழாத அடி

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில், எண்ணெய் பாட்டிலும் ஒரு பலகையுமாக, எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். ஒல்லியான உடம்பு. உள்ளங்கை மட்டும் வேறு யாரிடமோ வாங்கி வந்ததுபோல அகலமாக இருக்கும். தேய்த்து முடித்ததும் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டு, "ம், எந்திரிங்க சார், ஓடிப்போய்த் தண்ணியில நில்லுங்க" என்பார். எனக்கு அந்த அடியில்தான் சீசன் தொடங்கும்.

இந்த வருடம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு மசாஜ் நிலையம் தென்காசி சாலையில் திறந்திருந்தது. போனில் சலுகைக் கூப்பன் வந்ததும் நேரே அங்கே போய்விட்டேன். ஏசி அறை, புல்லாங்குழல் இசை. குப்புறப் படுத்திருந்தபோது கழுத்துக்குழியில் ஒரு கட்டைவிரல் ஊன்றியது. தெரிந்த விரல். திரும்பினால், சீருடையும் முகக்கவசமுமாக அவர்.

"அண்ணாச்சி, அந்த இடத்த ஏன் விட்டுட்டீங்க?"

"மெதுவா சார். இங்கன பேசக் கூடாது." காதருகே குனிந்தார். "அங்கன யாரு வாரா? நீங்களும் இங்கனதான வந்திருக்கீய."

குரலில் கோபம் இல்லை. நான் முகத்தை மெத்தையில் கவிழ்த்துக்கொண்டேன்.

முடியும் நேரத்தில் முதுகை இறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன்.

"ஒருத்தரு, அடிச்சுட்டான்னு புகார் சொல்லிட்டாரு. இப்பம்லாம் தட்டுதது இல்ல சார்" என்று சொல்லி, ஒரு துண்டை மெல்லப் போர்த்திவிட்டார்.

வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகத் தோன்றாமல் பஸ் ஏறினேன்.