சுப்பராயன் கண்ட ஏரி

கூலிக்காரர் மகனான சுப்பராயன் படித்து, நில அளவை ஆபீஸில் வரைபடம் வரைபவர் ஆனார். 1972இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தார்கள். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் வயல்களுக்கு நடுவே வளைந்த கருங்கோடு ஒன்று தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தோடு ஒப்பிட்டார். தூர்ந்துபோன ஏரியின் கரை அது! கால்வாய்கூடப் பொருந்தியது.

அதிகாரி சீறினார்: "இன்னாய்யா, இல்லாத ஏரிய வரைஞ்சுக்கினு வந்துகீற? தரிசுன்னு போடு."

"மழ வந்தா தண்ணி எங்க சார் போவும்? கீழ எங்க ஜனங்க ஊடு கீது. போட மாட்டேன்!"

அவரைப் பள்ளிப்பட்டுக்கு மாற்றிவிட்டு, வேறொருவரை வைத்து ஏரி இல்லாமல் வரைந்துகொண்டார்கள். ஏரி இருந்த இடத்தில் தொழிற்சாலை எழுந்தது. மூன்றாம் வருஷ மழையில் போக வழியில்லாத தண்ணீரில் கீழே இருந்த நாற்பது குடிசைகள் போயின. சுப்பராயன் வேலையை உதறிவிட்டு, விமானப் படம், பழைய வரைபடம் இரண்டின் நகலோடு வழக்குப் போட்டார். கால்வாயை மட்டும் வெட்டிக் கொடுத்தார்கள். அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கடைசிவரை சுப்பராயனின் கோபம் ஆறவேயில்லை.