லில்லி பொறுத்துக்கொண்ட நான்கு நாட்கள்

அந்த டிசம்பரில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பால்காரர் வீட்டிலிருந்து புது வைக்கோல் வந்தது. ஈரம் கலந்த அதன் வாசனை முன்னறை முழுக்க நின்றது.
2. அப்பா குடில் கட்டினார். குழந்தை இயேசுவைக் கிடத்தும் சின்ன மரத்தொட்டியை அம்மா வெறுமையாக வைத்தாள்.
3. என் தங்கை லில்லிக்கு இடது காது வலித்தது.
4. அவள் அதை என்னிடம் மட்டும் சொன்னாள்.
5. ஐந்தாம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது, லில்லிக்கு ஆறு. முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம், அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டினார். அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், அங்கே பிரெஞ்சுக் கன்னியர்கள் பழக்கிய ஒரு வழக்கத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். கிறிஸ்மஸுக்கு நான்கு வாரம் இருக்கும்போது மரத்தொட்டியை வெறுமையாக வைப்பாள். பிள்ளைகள் எதையாவது பொறுத்துக்கொண்ட ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு வைக்கோல் போடலாம். பிறக்கப்போகிற குழந்தைக்குக் கிடைக்கும் மெத்தை எங்கள் பொறுமையின் அளவுதான். கோயிலில் மாலை மணி அடித்ததும் ஜெபம் சொல்லி, வேதாகமத்தில் ஒரு பகுதியை அம்மா தன் வார்த்தைகளில் கதையாகச் சொல்வாள், பிறகு, "இன்னைக்கு எதெதப் பொறுத்துக்கிட்டீங்க?" என்று கேட்பாள். குழாயடி வரிசையில் முந்தாமல் நின்றது, பென்சிலைப் பிடுங்கியவளைத் திருப்பிக் கிள்ளாதது என்று நாங்கள் ஒப்பிப்போம். நடுவில் சண்டை வந்தால் ஒரு விரலைத் தூக்கி "பசியான்ஸ்" என்பாள். பொறுமைக்கு அதுதான் பிரெஞ்சு என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது, வாயை மூடச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டோம்.

"எனக்கும் ஒரு வைக்கோல் குடும்மா, அரை மணி நேரமா சோத்துக்குப் பொறுத்துக்கிட்டு இருக்கேன்" என்பார் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா.

"வாயத் தொறந்து கேட்டுட்டீங்கல்ல, போச்சு. மொணமொணத்தா வைக்கோல் கெடையாது."

எல்லாரும் சிரிப்போம். ஆனால் நான் அதை விதியாக மனதில் எழுதிக்கொண்டேன்.

சட்டென்று அழுதுவிடுகிற லில்லி வைக்கோலில் எப்போதும் பின்தங்கியே இருந்தாள். சாம்பலில் உட்கார்ந்து, உடலெல்லாம் புண்ணோடு யோபு பொறுத்திருந்த கதையை அம்மா சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. ஒரு காலையில் லில்லி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, காதுக்குள்ள குத்துது."

"அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா மொணமொணத்த மாதிரி ஆயிடும். கிறிஸ்மஸுக்கு மொத நாள் மொத்தமா சொல்லு, கை நெறைய போடலாம்."

"கை நெறையவா?"

"ஆமா."

அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். பனிக்கு என்று சொல்லி அவள் தலையில் துணி கட்டிவிட்டேன். மெல்ல முடியாமல் சோற்றை ஒதுக்கியபோது பசியில்லை என்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் நாள், "இப்பவே சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டாள், இன்னும் கொஞ்சம் என்றேன். நான்காம் நாள் மாலை உடம்பு கொதித்தது, அம்மா சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தாள். மறுநாள் விடிந்தபோது தலையணையில் சீழும் இரத்தமும் இருந்தன.

"நாலு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? பழுத்து ஒடஞ்சி போச்சே" என்றார் டாக்டர்.

"ஏண்டி கண்ணு சொல்லல?"

"பொறுத்துக்கிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு லில்லி என்னைப் பார்த்தாள்.

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் சொல்லிக் குடுத்தேன், நாந்தான்" என்று அழுதாள். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தொட்டியிலிருந்த வைக்கோலையெல்லாம் வாரிப் பால்காரரின் மாட்டுக்குப் போட்டாள். அந்த ஆண்டு குழந்தை இயேசு மடித்த பழைய சேலைத்துண்டில் படுத்திருந்தார். மாலை ஜெபம் தொடர்ந்தது, ஆனால் அதன் முடிவில் வருகிற கேள்வி மாறிவிட்டது: "எங்கயாவது வலிக்குதா? சொல்லுங்க, எதுன்னாலும் சொல்லுங்க." நாங்கள் வளர்ந்து, நான் டிப்ளமா முடித்து வரைபட அலுவலகத்தில் சேர்ந்த பிறகும் அப்படியே கேட்டாள், கேட்கும்போது லில்லியின் வலப்பக்கமாகப் போய் நின்றுகொள்வாள்.

யோபுவின் கதையைப் பிற்பாடு நானே முழுக்க வாசித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தவரே இல்லை. பக்கம் பக்கமாகக் கதறுகிறார், கடவுளிடமே வழக்காடுகிறார். அந்தப் பகுதிக்கு அம்மா அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தாள். லில்லி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நாங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

அம்மா மஞ்சள் காமாலையில் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கையில், லில்லியிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அதான் தெரியுமேக்கா" என்றாள். "கை நெறையன்னு சொன்னியே."

"தெரிஞ்சும் அம்மாகிட்ட நீ ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, நான் பேசினால் கேட்கும்படி என் இடப்பக்கம் மாறி நடந்தாள்.

மாலை ஜெபம் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. அப்பா தனியாக ஜெபமாலை சொல்கிறார். வலிக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. லில்லிக்கு இடது காது கேட்காது. அதற்குத் தானே காரணம் என்று நம்பியபடியே அம்மா போய்விட்டாள்.