பிக்கப் வண்டியில் ஏறிய பித்தளைச் சம்படம்

எங்க பிக்கப் வண்டிக்குத் தூசிதான் எமன். அறுபதுகளோட கடைசியில காரைக்குடியைத் தாண்டி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் செம்மண் ரோடுதான். முன்னால ஒரு மாட்டுவண்டி போனாப் போதும், பின்னால வர்றவன் கண்ணு தெரியாம நிக்கணும். எங்க வீட்டுக்காரர் தச்சு வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செஞ்சவுக. நிலை, கதவு, ஜன்னல் எல்லாத்தையும் வீட்டுக் கொல்லையில வச்சுச் செஞ்சு, கட்டடம் நடக்குற ஊருக்கு ஏத்திக்கிட்டுப் போகணும். வாடகை லாரிக்காரன் இன்னைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு இழுத்தடிக்கிறான்னு ஆத்திரப்பட்டு, ஏலத்துல ஒரு பழைய பிக்கப்பை எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துனாக. எங்க தெருவுல அதுக்கு முன்ன எஞ்சின் வச்ச எதுவும் ராத்தங்குனதில்ல. எனக்குத் தலைகால் புரியல. தண்ணிக் குடத்தை எடுத்துக்கிட்டுச் சும்மா சும்மா வாசலுக்குப் போயிட்டு வந்தேன்.

அந்தப் பெருமை எல்லாம் ஒரு கோடை வரைக்கும்தான். குன்றக்குடி ரோட்டு மேட்டுல வண்டி பாதியில நின்னுக்கிட்டு இருமும். நீலமாப் புகை கக்கும். ரெண்டு ஆளு இறங்கித் தள்ளணும், அந்த ரெண்டு ஆளுல ஒரு தடவை நானும் ஒருத்தி. கட்டுன சேலையோட வண்டி தள்ளுன கூத்தை ஊரே பாத்துச்சு. மெக்கானிக் வந்து பானட்டைத் தொறந்து பாத்துட்டு, "எஞ்சின் காத்தைக் குடிக்கல, மண்ணைத் திங்குது"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டுங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பெட்ரோல் மட்டும் ஊத்துனாப் பத்தாதாம், காத்தும் உள்ள போகணுமாம். அந்தக் காத்துல இருக்குற மண்ணை வடிகட்ட ஒரு தகரக் குடுவை, ஏர் கிளீனர்னு பேரு. அடியில எண்ணெய் ஊத்தி வச்சிருப்பாக. உள்ள வர்ற காத்து அந்த எண்ணெயில மோதித் திரும்புறப்ப மண்ணு எண்ணெயோட தங்கிரும், சுத்தமான காத்து மட்டும் எஞ்சினுக்குப் போகும். எங்க வண்டியில அந்தக் குடுவை துருப்பிடிச்சு, அடி ஓட்டையாகி, பேருக்கு ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. மதுரையில சொல்லி வச்சு ஒண்ணு வந்துச்சு. வந்தது பொருந்தல.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு குணம். கடையில கிடைக்காதுன்னு சொல்லிட்டா அதைத் தானே செஞ்சு பாக்காமத் தூங்க மாட்டாக. "கடைக்காரன் குடுக்குறது இத்தனூண்டு. அதை விடப் பெருசா நான் செய்யுறேன். காத்தையும் சக்கரத்துக்கிட்ட இருந்து எடுக்கக் கூடாது, அங்கதான் தூசி. கூரை ஒசரத்துல இருந்து குழாய் வச்சு எடுக்கணும்"னு கரிக்கட்டையால கொல்லைச் செவுத்துல படம் போட்டாக. முதல்ல ஒரு வார்னிஷ் டப்பாவுல செஞ்சு மாட்டுனாக. வண்டி குலுங்குன குலுக்கல்ல டப்பா ஒட்டு விட்டுப் போச்சு. எண்ணெய் எல்லாம் வழிஞ்சு, வந்து நின்ன வாசல் பூரா வழுக்குச்சு. கோலம் போட்ட நான் வாயைச் சும்மா வச்சுக்கிட்டா இருப்பேன்? நல்லா நாலு வாங்கிக் கட்டிக்கிட்டாக.

அப்புறம் ஒருநாள் அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, "கெட்டிப் பித்தளையில, மூடி இறுக்கமா ஒரு சம்படம் வேணும். எவர்சில்வர் ஆகாது, ஈயம் ஒட்டாது"ன்னாக. கண்ணு மேல் தட்டுல இருந்துச்சு.

எங்க வீட்டுல சீரா வந்ததுல, குடுத்தவுக பேரு வெட்டாத பாத்திரமே கிடையாது. பேரு வெட்டுன பாத்திரத்துக்கு எல்லாம் கேக்க ஆள் உண்டு. தேவகோட்டையில இருந்து எங்க வீட்டுக்காரரோட அத்தை வந்தாகன்னா, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னயே "நான் குடுத்த தவலை எங்கடி, புழங்குறீகளா, பரண்ல போட்டுட்டீகளா"ன்னு கேப்பாக. மூடி போட்ட பித்தளைச் சம்படம் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு அந்த அத்தை குடுத்தது. இன்னொண்ணு என் கல்யாணத்துக்கு எங்க அண்ணன் குடுத்தது.

எங்க அப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலயே போயிட்டாக. அண்ணன்தான் சிவகங்கையில மரக்கடையில ரம்பம் இழுத்து என்னைக் கரை சேத்தாக. கல்யாணத்துல சாமான் பரப்பி வச்சிருந்தப்ப எங்க ஓரகத்தி ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்துட்டு, "எவர்சில்வர் ஒண்ணு கூட இல்லையா"ன்னு கேட்டா. அப்ப எவர்சில்வருக்குத்தான் மவுசு. எனக்கு மூஞ்சி எல்லாம் எரிஞ்சு போச்சு. அந்தச் சம்படத்துல அண்ணன் பேரும், அதுக்குக் கீழ என் பேரும், அன்பளிப்புன்னும் வெட்டியிருந்துச்சு. நான் அதைத் தட்டுல வைக்கையில எல்லாம் பேரு செவுத்தைப் பாக்குற மாதிரித்தான் வைப்பேன்.

வண்டிக்குன்னு அன்னைக்கு எடுக்குறப்ப நான் ஒரு நிமிசம் கூட யோசிக்கல. அத்தை சம்படத்தைக் குடுத்தா அத்தை கேப்பாக. அண்ணன் கேக்க மாட்டாக. உள்ள இருந்த வத்தலை முறத்துல கொட்டிட்டு நானே எடுத்து நீட்டுனேன். பக்கத்துல இருந்த என் மாமியாதான், "அது உங்க அண்ணன் குடுத்ததுல்ல?"ன்னு கேட்டாக. "அதுக்கென்ன இப்ப, சும்மாதானே கிடக்கு"ன்னு வெடுக்குன்னு சொன்னேன். அவுக முறத்தை இழுத்து வத்தலை அள்ளி வேற டப்பாவுல போட்டாக.

வேலை என்னமோ நல்லா வந்துச்சு, அதைச் சொல்லாம இருக்கக் கூடாது. பத்தர் ஒருத்தரைக் கூட்டியாந்து சம்படத்து விலாவுல துளை போட்டுக் குழாயை இறக்கி ஈயம் வச்சாக. உள்ள பாதி ஒசரத்துல ஓட்டை போட்ட தட்டு. அதுக்கு மேல தேங்காய் நாரைச் சிக்கெடுத்து எண்ணெயில முக்கிப் பிழிஞ்சு அடைச்சாக. மூடியில இருந்து எஞ்சினுக்கு ரப்பர் குழாய் போச்சு. காத்து இழுக்குற குழாய், வண்டிக்கு ஓரமா மேல ஏறிக் கூரைக்கு மேல தலையை நீட்டுச்சு. கிளப்பிப் பாத்தா, சத்தமே வேற. குன்றக்குடி மேட்டுல பாரத்தோட நிக்காம ஏறுச்சு. கொஞ்ச நாள் கழிச்சுச் சம்படத்தைக் கழட்டி அடியில பாத்தா, செக்கச் செவேல்னு சேறு மாதிரி மண்ணு. முன்னன்னா அது அத்தனையும் எஞ்சினுக்குள்ள போயிருக்கும்.

எங்க வீட்டுக்காரரைக் கையில பிடிக்க முடியல. டீக்கடையில நின்னா பானட்டு தொறந்துரும். கட்டடத்துல நின்னா தொறந்துரும். "லாரிக்காரன் எல்லாம் பொண்டாட்டி பேரை வெளிய எழுதுறான், நான் உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன் பாரு"ன்னு என்னைச் சீண்டுவாக. பேரு வெட்டுன பக்கம் முன்னாலதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நானும் சிரிச்சேன். என் பேரோட அண்ணன் பேரும் ஒண்ணாத்தான் வெட்டியிருக்குங்கிறது எனக்கு உறைக்கவே இல்ல.

பங்குனி உத்தரத்துக்குக் குன்றக்குடி மலைக்குப் போகணும்னு அண்ணன் வந்தாக. பைக்குள்ள எனக்குப் பூவும் பிள்ளைகளுக்குச் சேவும். வாங்கண்ணேன்னு சொல்லி வாய் மூடல, எங்க வீட்டுக்காரர், "மச்சான், பஸ்ஸு எதுக்கு, நம்ம வண்டியிலயே போவோம்"னாக. அப்பத்தான் எனக்குத் திக்குன்னுச்சு. அண்ணன் காபி குடிச்சுக்கிட்டு இருக்கையிலயே பழந்துணியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனேன். பானட்டைத் தூக்கி, கையில அகப்பட்ட கிரீஸை எல்லாம் வழிச்சு அந்தப் பேரு மேல அப்புனேன். என் பேரும் மறைஞ்சது, அண்ணன் பேரும் மறைஞ்சது. கையைச் சாம்பல் போட்டுத் தேச்சும் நாத்தம் போகல. அந்தக் கையோடதான் அண்ணனுக்கு இட்லி வச்சேன்.

குன்றக்குடி அடிவாரத்துல வண்டியை ஓரங்கட்டுனதும், நான் பயந்த மாதிரியே, "மச்சான், இங்குட்டு வாங்க, ஒண்ணு காட்டணும்"னு கூப்பிட்டாக. "கூட்டம் சேர்றதுக்குள்ள மலை ஏறுவோம், வந்து பாத்துக்கலாம்"னு நான் இடையில புகுந்தேன். "இருத்தா, மாப்பிள்ளை ஆசையாக் கூப்பிடுறாக"ன்னு அண்ணன் போனாக.

காத்து எங்க வருது, எப்படித் திரும்புது, மண்ணு எங்க தங்குதுன்னு எங்க வீட்டுக்காரர் ஒண்ணு விடாமச் சொன்னாக. அண்ணன் குனிஞ்சு ரசிச்சுக் கேட்டாக. ரம்பம் பிடிச்ச ஆளு, வேலைன்னா அவுகளுக்கும் ஆசைதான். அப்பப் பாத்து இவுக, "இதென்ன இப்படி அப்பிக் கிடக்கு, நேத்துத்தானே துடைச்சேன்"னு சொல்லிக்கிட்டே துண்டை எடுத்து அழுத்தித் துடைச்சாக. பேரு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

எனக்கு அப்பவே அந்த ரோட்டுல விழுந்து புதைஞ்சிரலாம் போல இருந்துச்சு. அண்ணன் மூஞ்சியைப் பாக்க முடியாம அவுக காலைப் பாத்துக்கிட்டு நின்னேன். திருவிழாவுக்குன்னு புதுச் செருப்பு வாங்கிப் போட்டிருந்தாக.

"நான் குடுத்ததுல்ல"ன்னாக. கேள்வியாக் கேக்கல.

"ஆமா மச்சான், வீட்டுல இருந்ததுலயே இதுதான் நல்ல கெட்டி. என்ன குலுக்கு குலுக்குனாலும் அசையல." எங்க வீட்டுக்காரருக்கு மனசுல ஒண்ணும் கிடையாது. பாராட்டாத்தான் சொன்னாக.

"கெட்டிதான் மாப்பிள்ளை. எவர்சில்வர் வாங்க நமக்கு வசதி பத்தல. பித்தளையாவது கனமா இருக்கட்டும்னு கடை கடையாத் தூக்கிப் பாத்து வாங்குனேன்"னு சொல்லி, பானட்டை அவுகளே மெதுவா இறக்கி வச்சாக.

மலை ஏறுனோம். சாமி சன்னதியில எல்லாரும் கையைத் தூக்கிக் கும்பிடுறாக, எனக்குக் கையில இருந்த கிரீஸ் நாத்தம்தான் மூக்குல ஏறுது. என்னன்னு வேண்டுறது? அண்ணன் எப்பவும் போலத் திருநீறை எடுத்து என் நெத்தியில வச்சாக. ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நானும் அழுது தீத்திருப்பேன். திட்டல. திரும்பி வர்றப்ப முன்னால உக்காரச் சொன்னதுக்கு, "பின்னால காத்தாட இருந்துக்கிறேன்"னு மரம் ஏத்துற இடத்துல போய் உக்காந்துக்கிட்டாக. பஸ் ஏத்திவிடப் போனப்ப, "அண்ணே, அந்தச் சம்படம்..."னு இழுத்தேன். "வண்டி ஓடுதுல்லத்தா, அது போதும்"னாக.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல பெரிய சண்டை. "ஊரு உலகத்துக்கு எல்லாம் தொறந்து காட்டுனது பத்தாதா, எங்க அண்ணனுக்கும் காட்டணுமா, அறிவு வேணாம்?"னு கத்துனேன். எங்க வீட்டுக்காரர் மிரண்டு போய், "நான் சம்படம்னுதான் கேட்டேன். இதைத்தான் வேணும்னா கேட்டேன்? நீதானே எடுத்துக் குடுத்த"ன்னாக. நான் அடுப்படிக்குப் போனேன், பின்னாலயே வந்தாக. "வேணும்னாக் கழட்டிர்றேன், வேற பாத்துக்கலாம்"னாக பாவம். விலாவுல ஓட்டை விழுந்த பாத்திரத்தை வாங்கி நான் என்ன செய்ய? இருக்கட்டும்னுட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவந்தாக. வராம இருந்துருவாகளோன்னு நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். கரும்பு, மஞ்சக் கொத்து, பச்சரிசி, வெல்லம். அதோட ஒரு தூக்குச்சட்டி. எவர்சில்வர். எத்தனை நாள் ரம்பம் இழுத்தாகளோ. ஓரகத்தி மூஞ்சிக்கு நேரா நீட்டணும்னு நான் கல்யாணத்தன்னைக்கு ஏங்குன எவர்சில்வர் அன்னைக்கு என் கையில இருக்கு. சுத்தித் திருப்பிப் பாத்தேன். அடியிலயும் பாத்தேன்.

"பேரு வெட்டலையாண்ணே?"

"இருக்கட்டும்த்தா. பேரு இருந்தா எதுக்கும் எடுக்கச் சங்கடமா இருக்கும். இதுன்னா நீ எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம்ல."

குத்திக் காட்டல. எங்க அண்ணனுக்குக் குத்திக் காட்டத் தெரியாது. எனக்கு வசதியா இருக்கட்டும்னு நெசமாவே நினைச்சுத்தான் சொன்னாக. "இல்லண்ணே, கடைவீதிக்குப் போய் நானே வெட்டிக்கிட்டு வாரேன்"னு சொல்லியிருக்கணும். அடுப்புல பால் பொங்குது, பிள்ளைக கத்துது, சரிண்ணேன்னு வாங்கி உள்ள வச்சுட்டேன்.

அதுக்குப் பிறகும் அவுக இருந்த வரைக்கும் ஒரு பொங்கல் தவறல. தட்டு, டம்ளர், கிண்ணம்னு ஏதாவது ஒண்ணு கொண்டுவருவாக. ஒண்ணுலயும் பேரு இல்ல. அண்ணன் காலமாயிப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வந்து, அவுக குடுத்ததை எல்லாம் தனியா எடுத்து வச்சுக்கிரணும்னு அடுப்படித் தட்டு பூரா இறக்கிப் பரப்புனேன். எல்லாம் ஒண்ணு போல எவர்சில்வர். எது எங்க அண்ணன் குடுத்தது, எது பேரு வெட்டாம நான் கடையில வாங்குனதுன்னு எனக்கே தெரியல.