பன்னிரண்டு சக்கரமும் ஒரு எலுமிச்சை மூடியும்

எனக்கு எழுபத்தோரு வயது. பெற்றது நாலு, தங்கை விட்டுப் போனது ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்தேன். பொய் சொன்னால் ஐந்து பேருக்கும் வாயிலேயே போடுவேன். அப்படிப்பட்ட நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றித்தான் இது. ஐம்பதுக்கு மேல் கற்ற எழுத்து, மெல்லத்தான் வரும்.

கருவடிக்குப்பத்திலிருந்து உப்பளத்துக்கு ஒரு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் வீடு. தெருவே அவரை முசே என்று கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். நானும் அப்படித்தான். அவரும் வீட்டம்மாவும் மட்டும். நான் தேய்த்து வைத்த குத்துவிளக்கில் முகம் பார்த்து அந்த அம்மா பொட்டு வைத்துக்கொள்வார். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்றைக்கும் உண்டு.

விழுப்புரம் போகிற சின்ன ரயிலை நிறுத்திவிட்டு அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம். முசே அந்தப் பழைய ரயிலை ஒரு முழ நீளத்தில் செய்ய ஆரம்பித்தார். அதில் ஏறித்தான் பட்டாளத்துக்குப் போனாராம். ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் சின்னச் சின்னத் திருகாணி, தகரம், ஒரு புட்டியில் நீல மருந்து. "மேசைப் பக்கம் மட்டும் கை வெக்காதம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் கோளாறு. பார்வை இருக்கும்போதே ரயிலை முடித்துவிட வேண்டும் என்று அவசரம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இருவரும் பூ, பழம் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். விளக்கு, மணி, தையல் மிஷின் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினால், மேசை மேல் காகிதத்தில் பன்னிரண்டு பித்தளைச் சக்கரம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். எல்லாம் கறுத்துக் கிடந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் விளிம்பில் மட்டும் மெலிசாக ஒரு வளையம் மின்னியது. பாவம், பூஜைக்காகத் தேய்க்கப் பார்த்திருக்கிறார், கண் சரியாகத் தெரியாமல் விளிம்போடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி, கொஞ்சம் விபூதி, கிழிந்த புடவைத் துணி. அவர்கள் வருவதற்குள் பன்னிரண்டும் தங்கமாகிவிட்டது. வரிசை மாறாமல் வைத்தேன்.

முசே வந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டார். சக்கரத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்.

"இந்தாம்மா, இதுல தண்ணி பட்டுச்சா?"

அந்த முகத்தைப் பார்த்ததுமே ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

"தண்ணி படல முசே. ஒரு சொட்டு படல."

பொய் இல்லை. எலுமிச்சைச் சாறு தண்ணி இல்லையே.

வீட்டம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நல்லா தகதகன்னுதான இருக்கு. நாளைக்கு இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடலாம்."

"தண்டவாளத்துல உரசுற விளிம்பு மட்டுந்தான் மின்னணும்டி. மத்ததெல்லாம் கறுத்திருக்கணும். நாப்பது வருஷம் ஓடின சக்கரம் அது, நகைக்கடையில வெச்சதா? மூணு மாசமா மருந்து தடவித் தடவிக் கறுக்க வெச்சேன். ஏறவே இல்ல போலிருக்கு. என் கண்ணு மங்கலுக்குத்தான் கறுப்பா தெரிஞ்சிருக்கு."

"நான்தான் தேச்சேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினாலு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என்னை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை. அந்தக் கர்வம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அடுத்த வாரம் ரயில் பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. மேசையில் துணி மடித்து வைத்தார்கள். பெருக்கும்போது மேசைக்காலுக்குப் பின்னால் ஒரு சக்கரம் உருண்டு கிடந்தது. அதைக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்து எடுத்து வந்தேன். முட்டை பட்டால் வெள்ளிக் கொலுசு கறுக்குமே, அந்த யோசனையில் அவித்த மஞ்சள் கருவை நசுக்கி, அதோடு மூடி வைத்தேன். இரண்டு நாளில் கறுத்தது, ஆனால் சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி திட்டுத்திட்டாக. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அரிசிப் பானையில் போட்டுவிட்டேன்.

முட்டி வலி வந்து வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. போன வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முசேவுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம்.

"இன்னமும் அதையேதான் சொல்லிட்டிருக்காரு" என்றார். "அந்தச் சக்கரத்துலதான் என் கண்ணு என்னை ஏமாத்த ஆரம்பிச்சுது, அன்னியோட கையும் போச்சுன்னு."

அன்றைக்கு அவர் கண் நன்றாகத்தான் பார்த்தது. கறுப்பு ஏறித்தான் இருந்தது, விளிம்பு கூட அவர் சொன்ன மாதிரியே மின்னியது. அவர் கையை அவரே நம்பாமல் போனது என்னால்தான். மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நாளைக்கு அந்தச் சக்கரத்தையும் இந்தத் தாளையும் கொண்டுபோகிறேன். அவரால் படிக்க முடியாது. எனக்கு அவர் எதிரில் நின்றால் பேச்சு வராது, அது ஒரு முறை தெரிந்துவிட்டது. பேத்தியைக் கூட்டிப் போகிறேன்.

"கண்ணு, நாளைக்கு அவருக்கு முன்னால நீதான் படிக்கப்போற. இப்ப எனக்கு ஒரு வாட்டி படிச்சுக் காட்டு. தண்ணி படலன்னு வர்ற எடத்துல மட்டும் வேகமா போயிடாத."